குறிப்பு என்று ஒரு கட்டம்

கே.டி. ஸ்ரீ ரிமாவ் பிறை ஆற்றுக்குள் வந்தது
ஓர் இழுவைப்படகின் பின்னால்,
எஞ்சின் இல்லாமல்.
கூடவே ஒரு மஞ்சள் கோப்பும் வந்தது.

கோப்பில் பணி வரலாறு ஒரே பக்கம்:
நீரில் இறக்கியது அறுபத்தேழு.
எஞ்சின் மாற்றியது எண்பத்தைந்து, லூமுட்.
பீரங்கி கழற்றியது தொண்ணூற்று நான்கு.
நடுவில் இருபத்தேழு வருடமும்
'வழக்கமான ரோந்து' என்ற இரண்டு சொல்லுக்குள்
காலை மடக்கிப் படுத்திருந்தது.

நான் எடைமேடை கிளார்க்.
எனக்குக் கப்பல் தெரியாது.
தகடு தெரியும், பித்தளை, செம்பு, ஈயம்,
சாயம் பூசிய மரம் (இதற்கு விலை கிடையாது).
தொண்ணூற்றாறு டன் என்றது கோப்பு.
மேடையில் எண்பத்தெட்டுதான் தேறியது.
மிச்சம் எங்கே என்றார் தவுக்கே.
கடல் கமிஷன் எடுத்திருக்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கழித்து எழுதச் சொன்னார்.

மூன்றாம் வாரம் ஓர் ஆள் வந்தார்.
கப்சாய் மோட்டார், பின்னால் ஐஸ் பெட்டி.
பெயர் இன்னாசி.
பின்தளம் வெட்டியாச்சா?
இல்லை, நாளைக்கு.
இடப்பக்கக் கட்டுக்குற்றி. அது மட்டும் போதும்.

ஞாபகத்துக்கு ஏதாவது கேட்டு வருகிறவர்கள் உண்டு.
மணி கேட்பார்கள், சுக்கான் சக்கரம் கேட்பார்கள்,
பெயர்ப்பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.
குற்றியை யாரும் கேட்டதில்லை.

ஜாமில் வெட்டிக் கொண்டுவந்து போட்டான்.
எட்டுப் பூச்சுச் சாம்பல் சாயத்தையும் மீறி
அதன் இடுப்பில் ஒரு பள்ளம்,
கம்பிவடம் அறுத்தது.
இன்னாசி அதில் கட்டைவிரலை வைத்தார்.
சரியாக உட்கார்ந்தது.

எழுபத்தொன்பது ஜூன், ஒரு புதன்கிழமை.
அப்போது கிழக்குக் கரையில் இருந்தோம்.
மரப்படகு. வியட்நாம்காரர்கள்.
எத்தனை பேர் என்று எண்ணவில்லை,
எண்ண வேண்டாம் என்றார்கள்.
தண்ணீர் கொடுத்தோம். டீசலும் கொடுத்தோம்.
பதினொரு மணி நேரம் இழுத்துப் போய்
எல்லைக்கு அந்தப் பக்கம்
வடத்தை அவிழ்த்தது நான்.
ஒரு பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.
நன்றியா, கெஞ்சலா,
இருட்டிவிட்டது.

இந்தப் பள்ளம் ஒரு படகால் விழுந்ததில்லை
என்றார், நான் கேட்காமலே.

கோப்பைப் புரட்டினேன்.
ஜூன் எழுபத்தொன்பது: வழக்கமான ரோந்து.
காட்டட்டுமா என்றேன்.
வேண்டாம், மனப்பாடம் என்றார்.

குற்றி இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
கிலோ இருபத்தெட்டு காசு.
ஐம்பத்தொன்பது வெள்ளி முப்பத்தாறை
ஈர நோட்டாக எண்ணி வைத்தார்.
பிறகு மோட்டாரைப் பார்த்தார், குற்றியைப் பார்த்தார்.
தூக்கிப் போக முடியாதென்பது
வரும்போதே தெரிந்துதான் இருக்கும்.

எடைச்சீட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு.
பதினாறு வருடத்தில் நான் நிரப்பியதே இல்லை.
என்ன போட என்றேன்.
அக்கரையில் ஃபெரி ஒருமுறை ஊதி ஓய்ந்தது.
'அவிழ்த்தது இன்னாசி.'
போட்டேன்.
கை அழுந்திவிட்டது,
கார்பனுக்குக் கீழே மூன்று தாளிலும் விழுந்தது.

கப்பல் உருக்காலைக்குப் போய்விட்டது.
கம்பியாகி ஏதாவது ஃபிளாட்டின் தூணுக்குள்
வெளியே தெரியாமல் நிற்கலாம்.
அவர் திரும்பி வரவில்லை. விற்றது விற்றதுதான்,
குற்றியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது காலையில்
சின்னத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க
ஃபோர்க்லிஃப்டில் தூக்கி அதைத்தான் வைக்கிறோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
போன மழைக்காலத்தில் ஒருநாள்
இருநூற்றுப் பத்து காட்டியது.
தராசைத்தான் திருத்தினோம்.