சுமார்

குர்லாவில் உட்கார இடம் கிடைத்தது.
அதனாலோ என்னவோ முதல் அத்தியாயம் நன்றாகவே இருந்தது.
மழை. குப்பைமேடு. பச்சைச் செருப்பு, ஒற்றை.
இன்ஸ்பெக்டர் வளவன் குனிகிறான்,
கை நடுங்குகிறது,
பழைய வெள்ளம் ஒன்று கண்ணுக்குள் புகுகிறது.

மூன்றாம் அத்தியாயத்திலும் அதே வெள்ளம்.
ஐந்தில், ஏழில்.
காப்பி ஆறும்போதெல்லாம்
செத்துப்போன கூட்டாளி நனைந்தபடி வந்து நிற்கிறான்.
சயான் தாண்டுவதற்குள் எனக்கே
இந்தாப்பா, முதலில் தலையைத் துவட்டு
என்று சொல்லத் தோன்றிவிட்டது.

குடிக்கிறான். மனைவி போய்விட்டாள்
(போகாமல் என்ன செய்வாள்).
துப்பு மட்டும் பூனைக்குட்டி மாதிரி
தானே வந்து காலை உரசுகிறது.
கொலைகாரன் யாரென்று எனக்குத் தொண்ணூறாம் பக்கத்தில் தெரியும்,
வளவனுக்கு இருநூற்றுப் பத்தில்.

மௌனம் அலறியது என்று நான்கு இடத்தில் வருகிறது.
சாயங்காலப் பெண்கள் பெட்டியில்
மடியில் பட்டாணி உரிக்கிறாள் ஒருத்தி,
மாமியாரைப் போனில் உரிக்கிறாள் இன்னொருத்தி.
மௌனத்தை நான் எங்கே போய்ச் சரிபார்ப்பது?

செத்தவள் பெயர் மாலினி.
அவளுக்கு மூன்றே வரி.
செருப்பை எங்கே வாங்கினாள், யாருக்கு என்ன பாக்கி,
அன்றைக்கு மதியம் டப்பாவில் என்ன இருந்தது,
ஒன்றும் கிடையாது.
வளவனின் வெள்ளம் அவளையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால்
பாவம்.

அங்கே எதுவும் நடப்பதில்லை.
குழாயைத் திறக்கிறான்.
வாளி நிறைகிறது. மூடுகிறான்.
மூடியாயிற்றா என்று பார்க்கிறான்.
படுக்கப் போனவன் எழுந்து வந்து பார்க்கிறான்.
மறுபடி.
கூட்டாளி வருவதில்லை, உவமை வருவதில்லை.
குழாய் மட்டும், ஒன்றரைப் பக்கத்துக்கு.
தாதரில் இறங்க வேண்டியவள்
பைகுலாவில் இறங்கினேன்.

என் வீட்டுக்காரர் மோட்டார்மேன்.
ஞானதாஸ், இருபத்திரண்டு வருட சர்வீஸ்.
ஏழு பேர்.
எண்ணிக்கையை அவர் சொன்னதில்லை,
மெமோ நகல்கள் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கின்றன.
விக்ரோலிக்காரனைப் பற்றி மட்டும் சொன்னார்:
திரும்பி, நேராகப் பார்த்தான்.
அவ்வளவுதான்.
சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு
தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறார்.
குடிப்பதில்லை, மழையை வெறிப்பதில்லை.
தக்காளி என்ன விலை.
நான் சொல்கிறேன்.
தெரியாத நாளில் இட்டுக்கட்டுகிறேன்.

கடைசி அத்தியாயத்தில்
விலங்கு 'க்ளிக்' என்றதும்
இரண்டு வருடத்துக்குப் பிறகு வளவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.
எனக்கும் புத்தகத்துக்கும் அங்கேதான் சண்டை.
விலங்கு மாட்ட
எல்லாருக்கும் ஒரு ஆள் அகப்படுவானா?
சரி, தூங்கட்டும்.
அவனாவது.

புத்தகம் கொடுத்த ஹேமாங்கி ஆபீசில் கேட்டாள், எப்படி?
சுமார், என்றேன்.
இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, தரட்டுமா என்றாள்.
அதிலும் அவன் குழாயை மூடுகிறானா என்று கேட்டேன்.
எந்தக் குழாய்?
அவளுக்கு அந்தப் பக்கமே ஞாபகமில்லை.

கொண்டு வா, என்றேன்.