ஒன்பதாம் நாள் பாடம்

பதினைந்து நாள் வகுப்பில்
ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல்.
அன்றைக்குத்தான் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தார்களாம்.
பத்தாம் நாள் நான் போனபோது
அருளப்பன் சார் பாலத்து ஏற்றத்துக்குப் போய்விட்டார்.
லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

கோச்சடையிலிருந்து துவரிமானுக்கு ஒரு எட்டு.
நாத்தனார் பஞ்சவர்ணம் பொங்கலுக்கு வாங்கிப்போன
மிக்ஸி ஜாரை மீட்டுவர வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
மூடி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.
அதை மடியில் வைத்துக்கொண்டு
பக்கத்து சீட்டில் இவர்,
இல்லாத பிரேக்கை
வலது காலால் மிதித்தபடி.

துவரிமான் வந்தது. சந்து வந்தது.
சந்து முனையில் பஞ்சவர்ணம்
பச்சை நைட்டியில் நின்று கையாட்டினாள்.
உள்ளே நுழைந்தால்
பின்னாலேயேதான் வெளியே வர வேண்டும்.
முதுகில் மினி பஸ் வேறு அலறுகிறது.
நானும் கையாட்டினேன்,
திறந்த ஜீப்பில் போகிற மந்திரி மாதிரி.
"ஏய், வீடு போச்சு!"
"திருப்ப இடம் வரட்டும்."

இடம் வரவில்லை.
மலை வந்தது.
தலையை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு
உடம்பை மட்டும் எங்களோடு அனுப்பியிருந்தது நாகமலை.
என் பக்கம் தென்னை விலகும் நேரமெல்லாம்
விரற்கடை அளவு வைகை.
"ஆறு, பாரு பாரு."
"நான் ரோட்டப் பாக்கணும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷமாக
பால் கணக்கைத் தவிர எதையும் விவரித்திராத மனுசன்
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து ஆரம்பித்தார்:
"ஒரு ஆளு எருமையக் குளிப்பாட்டுறான்.
எருமைக்குப் பிடிச்சிருக்கு.
நாணல் பூத்திருக்கு. பூவா அது, பஞ்சு மாதிரி.
கம்பியில மீன்கொத்தி.
போச்சு. உன் ஸ்பீடுல போச்சு."
முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மேலக்காலுக்கு முன்னால்
ரோட்டை மறித்து உளுந்தங்கொடி பரப்பி
விளக்குமாறோடு ஒரு அம்மா.
ஒதுங்கப் பார்த்தேன்.
"ஏத்து தாயி, மேல ஏத்து!"
டயருக்கு அடியில் சடசடவென்று நெற்று வெடித்தது,
ஒரு மேகம் தூசி எழுந்து
கண்ணாடியில் உட்கார்ந்தது.
"வாழ்க்கையில மொதத் தடவையா போரடிச்சிருக்கேன்" என்றேன்.
"மொதத் தடவையா?" என்றார்.

தென்கரையில் அறுத்த வயல்விட்டு அறுக்காத தாகத்தோடு
இருநூறு வாத்து ரோட்டைக் கடந்தன.
வண்டியை நான் நிறுத்தவில்லை,
அதுவாக நின்றது.
கடைசி வாத்து ஹெட்லைட்டை உற்றுப் பார்த்து
இரண்டடி பின்னால் வைத்தது.
"அதுக்குத் தெரியுது."

முள்ளிப்பள்ளம் தாண்டிக் கொடிக்கால்கள்.
அகத்தி நிழலுக்குள்ளிருந்து
வெற்றிலையின் பச்சைக் காரம் மூக்கில் ஏறியது.
இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று
பேசாமல் வந்தார்.
மன்னாடிமங்கலத்திலும் திருப்ப இடமிருந்தது.
நான் பார்க்கவில்லை,
அவரும் காட்டவில்லை.

குருவித்துறையில் ஆற்றோரம் பெரிய திடல்.
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன்.
ஆறு வந்தது, கோயில் வந்தது, ரோடு வந்தது,
ரோட்டை விட்டுவிட்டேன்.
இன்னொரு வட்டம்.
"என்னடி?"
"பழகுறேன்."
மூன்றாவதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கணுக்கால் ஆற்றில் இறங்கி
மிக்ஸி மூடியில் தண்ணீர் மொண்டு,
வழியெல்லாம் சிந்தி,
ஏழு நடை நடந்து
கண்ணாடியில் உளுந்துத் தூசியைக் கழுவினார்.
பஞ்சவர்ணம் போன் செய்தாள்.
"பக்கத்துலதான்" என்றார்,
எதற்குப் பக்கம் என்று சொல்லாமல்.

திரும்புகையில் மலை என் பக்கம் மாறியிருந்தது.
"உச்சியில மட்டும் வெயில்" என்றேன்,
"கீழ எல்லாம் ஊதா."
"ம்" என்றார், கண்ணை மூடியபடி.
பிரேக் மிதிக்கும் கால் செருப்பைக் கழற்றிவிட்டு
சீட்டின் மேல் மடங்கிக் கிடந்தது.

துவரிமான் சந்து முனையில்
ஜாரோடு தயாராக நின்றாள் பஞ்சவர்ணம்.
பத்தில் போனேன். இவர் கை நீட்டினார்.
அவள் நாலடி கூடவே ஓடிக் கொடுத்துவிட்டு
என்னவோ திட்டினாள், காற்று வாங்கிக்கொண்டது.

ஈர மூடியை வைத்து அழுத்திப் பார்த்தார்.
திருப்பி வைத்துப் பார்த்தார்.
"இது நம்ம ஜார் இல்ல" என்றார்,
கோபமே இல்லாமல்.