ஒற்றைப்படை

ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்த சரக்கு.
மரப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டிகள்,
அவற்றுக்குள் இன்னும் சின்ன அட்டைப்பெட்டிகள்,
சிலதில் நேரடியாக ஷூ,
சிலதில் வெறும் காற்று.
எதற்குள் எது என்ற பட்டியலை
ஷப்னம் இரண்டு நாள் குடோனில் உட்கார்ந்து அடித்தாள்.
"மொத்தம் எத்தனைன்னு காலையில சொல்லிடு" என்றார் மேனேஜர்.
புரோகிராமிங் படிக்கிறேன் என்று
வாயை விட்டதன் பலன்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் மாடி அறை.
இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.
மூன்றாம் கை லேப்டாப்பை
கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து எழுதினேன்:
எண்ணு.
பெட்டியைத் திற. ஷூ இருந்தால் கூட்டிக்கொள்.
உள்ளே பெட்டி இருந்தால்
அதையும் எண்ணு.

எப்படி எண்ணுவதாம்?
இதோ, இப்படித்தான்.
எழுதி முடிக்காத ஒன்றை
எழுதும்போதே நம்பிக் கூப்பிட
விரல் கூசியது.

முதல் ஓட்டம்.
அதே வரி, அதே வரி,
இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு முறை அதே வரி என்று
சிவப்பில் சொல்லிவிட்டு விழுந்தது.
உள்ளே இருந்த பெட்டியை அல்ல,
கையிலிருந்த பெட்டியையே
தனக்குத் தானே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
ஓர் எழுத்துதான் மாற்றினேன்.

அடுத்தது விழவில்லை.
விடை: பூஜ்யம்.

பூஜ்யமா?
ஒரு மணி நேரம் அதையே பார்த்தேன்.
பெங்களூர் மெயில் போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
உள்ளே போனவர்கள் எல்லாரும்
எண்ணித்தான் இருக்கிறார்கள்.
எண்ணிக் கொண்டு வந்ததை
வாசலில் நின்று வாங்கிக்கொள்ள
நான்தான் யாரையும் நிறுத்தவில்லை.

வாங்கிக் கூட்டு என்று சேர்த்தேன்.
2833.

சந்தோஷம் அரை நிமிஷம்.
ஷூ சோடி சோடியாகத்தானே போகும்?
ஒற்றைப்படையில் எப்படி முடியும்?
மளிகை ரசீதின் பின்பக்கம் பென்சிலால்
காலிப் பெட்டி ஒன்று, பூஜ்யம், சரி.
பெட்டிக்குள் பெட்டிக்குள் இரண்டு ஷூ, சரி.
ஆறு முறை ஓட்டினேன். 2833, 2833.
கடைசியில், ஒவ்வொரு பெட்டியும் திரும்பும்போது
கையில் என்ன கொண்டு வருகிறது என்று
சொல்லிவிட்டு வரச் சொன்னேன்.
திரை முழுக்க வரிகள் உள்ளே தள்ளி, தள்ளி,
பிறகு ஒவ்வொன்றாக ஓரத்துக்கு வந்தன.
நடுவில் ஒரு வரி:
ஒன்று.

காலை கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.
குடோனில் மூடி மூடியாகத் திறந்து போனால்
நான்காவது பெட்டிக்குள், வெள்ளைத் தாளில் சுற்றி
முப்பத்தெட்டாம் அளவு, பழுப்பு,
இடது கால் மட்டும்.
கையில் எடுத்துக்கொண்டு
திறந்த மூடிகளைத் திறந்த வரிசைக்குத் தலைகீழாக
மூடிக்கொண்டே வெளியே வந்தேன்.

ஷப்னம் டீ கிளாஸோடு நின்றிருந்தாள்.
"ஒண்ணுன்னுதானே அடிச்சிருந்தேன்" என்றாள்.
"சூப்பர்வைசர் ரெண்டுன்னு போடச் சொன்னார்.
கை வரல."