குத்தூசி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
என் டெம்போவை யாரும் நம்புவதில்லை.
ரேஷன் அரிசி இப்படித்தான் போகுமாம்,
தவிட்டுக்கடியில், பழந்துணிக்கடியில்.
"புத்தகம் சார், வாயனசாலைக்கு."
"அரியல்லே?" என்றபடி
சாக்கில் குத்தூசியை இறக்கினார்.
உருவிக் கவிழ்த்தால்
உள்ளங்கையில் பொடிப்பொடியாய்க் காகிதம்.
முகர்ந்து வேறு பார்த்தார்.

கிணறு வெட்டுகிற புத்தகம் அது.
அட்டை தொடங்கி அறுபத்திரண்டாம் பக்கம் வரை
ஒரே துளை.
கொழிஞ்சாம்பாறையில் ருக்கியா
பதிவேட்டில் 'வழியில் சேதம்' என்றெழுதி
என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு வண்ணாமடை, மீனாட்சிபுரம்,
மழையில் ஒரு மாதம் சித்தூர்.
போன இடமெல்லாம் யார் யாரோ
போன எழுத்தைப் பென்சிலால்
துளையோரம் எழுதி வைத்திருந்தார்கள்.
இருபத்தேழாம் பக்கத்தில் மட்டும் தகராறு:
பாறைக்குக் கீழே ஓட்டை, பிறகு 'ற்று இருக்கும்'.
'கா' என்று ஒருவர்.
அதை அடித்துவிட்டு 'ஊ' என்று ஒருவர்,
இரண்டு கோடு போட்டு.
ஓரத்தில் மலையாளத்தில் ஏதோ.
எனக்கு அந்த எழுத்து தெரியாது.

நேற்று திரும்பி வருகையில் அதே ஆள்.
சாக்கை நானே அவிழ்த்து
அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
"உறவ" என்று வாசித்தார்.
மறுபடி ஒருதரம், மெல்ல.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.