வழி விடு

எண் பதினேழு.
வட்டப் பலகையில் எழுதித்
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
நாற்பத்தாறு பேர் இந்த எண்ணின் பிள்ளைகள்,
பிற்பகல் நான்கு மணி வரை.

கோட்டோர் துறையில் மூன்று கப்பல்கள்.
நடுவில் நிற்பது மணிக்கூண்டைவிட உயரம்.
அதன் நிழல் விழும் மேசைகளிலும்
காப்பி விலை குறைவதில்லை.
சதுக்கத்தில் எள்ளைப் போட்டால்
எண்ணெயாகத்தான் எடுக்க வேண்டும்.
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
என் கூட்டத்தை நகர்த்துகிறேன்:
இடது பக்கம் தேவாலயம்,
வலது பக்கம் பூனை.
பூனைக்குத்தான் அதிகப் படங்கள்.

பிறகு அந்தச் சந்து.
தினமும் ஒரே இடத்தில் நின்று
ஒரே சிரிப்பை வாங்கித் தரும் சந்து.
"இதன் பெயர் என்ன தெரியுமா? 'வழி விடு.'
எதிரெதிரே இருவர் வந்தால்
ஒருவர் பின்வாங்க வேண்டும்,
இல்லையேல் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்."
சிரிப்பு.
பின் ஒவ்வொருவராய், தோள் சுவரில் உரச, உள்ளே.

போன செவ்வாய், பாதிச் சந்தில்,
எதிரே ஒரு முதுகு வந்தது.
பின்னோக்கி நடக்கும் முதுகு.
அதன் இடுப்போரம் ஒரு பித்தளைக் கைப்பிடி.
அதைப் பற்றியிருந்த கையில் நான்கே விரல்கள்:
மீன்கடை ராடோயே.
அப்புறம்தான் பெட்டி தெரிந்தது.
அப்புறம்தான் பெட்டிக்குள் யாரென்று.

வுகொசாவா.
மூன்றாம் மாடி, பச்சை சன்னல்.
கயிற்றில் கூடை இறக்கி ரொட்டி வாங்குபவள்.
என் குரல் கேட்டதும் தினமும்
சன்னலை ஓங்கிச் சாத்துபவள்.
"கேட்டீர்களா, எங்கள் ஊர் மதிய மணி" என்று
அதற்கும் ஒரு சிரிப்பு வாங்கிவிடுவேன்.

இறப்பு அறிவிப்பு
வடக்கு வாசல் சுவரில் ஒட்டியிருந்தது, படத்தோடு.
காலையில் அதன் முன்னால்தான் நின்றேன்,
தலைகளை எண்ணிக்கொண்டு.

"திருவிழாவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார்.
ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பெட்டி திரும்ப முடியாது.
சந்துக்குள் இருவர்தான் தூக்கலாம்,
முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்,
இருவருக்கும் சேர்த்து நூற்று நாற்பது வயது.
இளையவர்கள் துறைமுகத்தில் பேருந்து ஓட்டுகிறார்கள்.
மூன்று கப்பல் நாளில் விடுப்பு கிடையாது.

ஒலிவாங்கியில் கிசுகிசுத்தேன்,
நாற்பத்தாறு காதுகளுக்குள்:
"திரும்ப வேண்டாம். அப்படியே பின்னால் நடங்கள்."
நடந்தார்கள்.
குதிகாலால் கல்லைத் தடவித் தடவி
கடைசியில் நுழைந்தவர் முதலில் வெளியேறினார்.
நான் கடைசி.
என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்
ராடோயேயின் வியர்த்த சட்டை.
பலகையின் நிழல் பெட்டி மூடிமேல்
உருண்டையாய் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நெவெங்கா," என்றார், திரும்பிப் பார்க்காமல்.
"அதை இறக்கு."

இறக்கினேன்.

அதற்குள் வெளியே
என் ஆட்கள் பதினெட்டோடு கலந்துவிட்டார்கள்.
பிரித்தெடுக்க அரைமணி நேரம்.
ஒரு பெண்மணி மட்டும் கிடைக்கவே இல்லை.
நான்கு மணிக்குக் கப்பலடியில் நின்றாள்,
விரல்களில் மெழுகு உறைந்திருந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
எல்லோரையும் போல ஐந்து யூரோ வைத்தாள் என் கையில்.

இன்று பச்சை சன்னலுக்குக் கீழே
ஒருவன் சுவரில் துளை போடுகிறான்,
எண் அழுத்தினால் திறக்கும் சாவிப்பெட்டி மாட்ட.
நான் அவனை முறைக்க முடியாது.
இரண்டு கதவு தள்ளி, என் அப்பாவின் வீட்டிலும்
அதே பெட்டி தொங்குகிறது.
மாட்டியவனும் இவன்தான்.
எண், அப்பா பிறந்த வருடம்.
வாரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு
அதை அனுப்பிவைக்கிறேன்.

"இதன் பெயர் என்ன தெரியுமா?"
கேட்கிறேன், சொல்கிறேன், சிரிக்கிறார்கள்.
சிரிப்பு முடிந்ததும் ஒரு கணம்
வாய் தானாக நின்றுவிடுகிறது,
சன்னல் சாத்தப்படுவதற்காக.

பதினெட்டு பின்னாலிருந்து நெருக்குகிறது.