மூன்று வரை

அரிசி ரெண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர்,
சிந்துவதற்கென்று ஒரு பிடி.
இந்தக் கடைசி அளவு
இவர்கள் கை அடுப்புமேடைக்கு எட்டியபின் சேர்ந்தது.

சஷ்விகா அரிசி களைகிறாள்.
கழுநீரோடு வழுக்கிப் போவதைப் பார்த்து
"போகட்டும் உடும்மா, அதுக்கு ஊர் சுத்தணுமாமா" என்கிறாள்.
ஆறு வயது. அப்பன் பேச்சு அப்படியே.

அப்பன் சத்தீஸ்கரில் இருக்கிறான்,
ரிக் வண்டியில் போய் நாலு மாதம்.
திருச்செங்கோட்டில் இதெல்லாம் சேதியே இல்லை.
எங்கள் வீதியில் ஏழு வீட்டில்
செருப்பு விடும் இடத்தில் ஆம்பிளைச் செருப்பு கிடையாது.
யார் ஊர்த் தண்ணீரையோ தேடி
ஆயிரம் அடி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கவினேஷுக்குச் சீரகம் போடுகிற வேலை.
ஒவ்வொன்றாகத்தான் போடுவான்.
எண்ணெய்ப் பக்கம் விட முடியாது,
என் உள்ளங்கைதான் அவனுக்கு வாணல்.
பதினைந்து சீரகம் விழுவதற்குள்
கடலெண்ணெய் இரண்டு முறை காய்ந்து
இரண்டு முறை ஆறிவிட்டது.

சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு
வட்டலில் கொட்டினேன்.
உரிக்கும் முன்னால் அவள் பேர் வைக்க வேண்டும்.
இது நீ, இது நான், இந்தப் பொடிசு தம்பி,
ஒட்டிப் பிறந்த இது ரெண்டும் கணக்கு மிஸ்.
மிஸ்ஸை நறுக்கலாம்.
உன்னையும் நறுக்கலாம் என்றாள், யோசிக்கவே இல்லை.
எல்லாத்திலும் பெரிசு அப்பா.
அதை உரிக்க விடவில்லை.
மலை தெரிகிற ஜன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

மொளகா கிள்ளின கையோட கண்ணத் தொடாதீங்க
என்று சொல்லிக்கொண்டே தொட்டது நான்தான்.
ஆளுக்கொரு பக்கம் ஊதினார்கள்.
பச்சைத் தக்காளி வாசம் அவர்கள் வாயில்.
கண் திறந்தபோது
பிரிட்ஜ் கதவில் மஞ்சளாய் ஐந்து விரல்,
விரலுக்குச் சொந்தக்காரனைக் காணோம்.

மூடி போட்டதும் வந்துவிட்டான்.
விசில் எண்ணுவது அவன்.
மூணுக்கு மேல் அவனுக்கு எண் கிடையாது,
அதனால் எங்கள் வீட்டில்
அரிசிம்பருப்பு மூணு விசில்தான்.
பருப்பு கொஞ்சம் முழித்துக்கொண்டு நிற்கும்.
நிற்கட்டும்.

ஒண்ணு.
பூபதி அழைத்தான்.
புருவமெல்லாம் செம்மண், லாரி டயர் ஓரம் அடுப்பு,
அதன்மேல் ஒன்பது பேருக்கான குக்கர்.
"என்னம்மணி இன்னிக்கு?"
"அரிசிம்பருப்பு."
"இங்கயும் அதேதான். இந்தூர்ப் பருப்பு
என்ன பண்ணாலும் வேகமாட்டீங்குது."
ரெண்டு.
கம்பெனிக்காரன் பேட்டா தந்தானா என்று கேட்டேன்.
தங்கத்துக்குச் சொல்லியிருக்கு என்றான்.
தங்கம் எங்கள் மேனேஜர் பெயர்.
மூணு.
அடுப்பை அணைத்தேன்.

அணைத்த பிறகும் ஒரு விசில்.

கவினேஷ் குக்கரைப் பார்த்தான், ஆவி இல்லை.
போனைப் பார்த்தான்.
"ஒண்ணு" என்றான்.
"நாலுடா" என்றாள் அவள்.
ஒண்ணு. நாலு. ஒண்ணு.
"என்ன சண்ட அங்க" என்று பூபதி
வாயைத் திறந்தபடியே நின்றுபோனான்.
அவன் முகத்தின்மேல் ஒரு வளையம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

நெய் ஊற்றினேன். தயிர் வைத்தேன்.
அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டி
ஆளுக்குப் பாதி என்று பிரித்ததில்
எந்தப் பாதி பெரிசு என்று ஒரு பஞ்சாயத்து.
பிறகு சத்தமில்லை.
போனை வட்டலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு,
ஒரு வாய்க்கு ஒரு தரம் அதைப் பார்த்து,
ரெண்டு வருகிறதா என்று
காத்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஜன்னல் திட்டில் இப்போது மூன்று அப்பா.
ஒன்றுக்குப் பச்சை முளை விட்டிருக்கிறது.
நாலு இருந்திருக்க வேண்டும்.
கிலோ நூறைத் தாண்டின அன்று
ஒன்றை எடுத்துக் கடைசலில் போட்டுவிட்டேன்.
சஷ்விகா எண்ணிப் பார்த்துவிட்டாள்.
தம்பியைத்தான் சந்தேகப்படுகிறாள்.