வாராக்கடன் வசூல்

கேள்வித்தாளில் வருகிற வியாபாரிகளுக்கு
வியர்ப்பதே இல்லை.
திருவாளர் அ, திருவாளர் ஆ.
மூன்றுக்கு இரண்டு என்று லாபம் பிரித்து
சண்டையில்லாமல் விலகிக்கொள்கிறார்கள்.
போகும்போது நற்பெயருக்கும் ஒரு விலை போட்டு
வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மண்டபத்தில், நண்டுக் கம்பெனியில்
என் கைக்கு வந்த முதல் ரசீது
ஒரு தெர்மாகோல் பெட்டியின் மூடி.
நீல மார்க்கரில் 42.300.
பக்கத்தில் ஒரு கால் இல்லாத நண்டின் படம்.
இரண்டாம் தரம் என்று அர்த்தமாம்.
மூடியை ஃபைலில் கோக்க முடியாது,
போட்டோ எடுத்து வைத்தேன்.
தணிக்கைக்கு வந்த பையன்
கையெழுத்து எங்கே என்றான்.
நண்டைக் காட்டினேன்.

கரையில் நாற்பத்திரண்டு, கம்பெனி வாசலில் நாற்பது.
சாதாரண இழப்பா அசாதாரண இழப்பா என்று
பாடத்தில் நான்கு பக்கம் உண்டு.
வேன் ஓட்டும் செய்யதலி
ஒரே சொல்லில் முடித்தார்:
"தண்ணி."

இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கடைசி நாள்.
ஓ.டி.பி. முதலாளி போனுக்குப் போகும்.
முதலாளி கீழக்கரையில் ஒரு நிக்காஹ்வில்.
பத்து நிமிடம்தான் அதற்கு ஆயுள்,
இரண்டு முறை செத்துப்போனது.
மூன்றாவதில் பந்தியிலிருந்து யாரோ எடுத்து
ஆறு எண்ணில் ஐந்தை வாசித்தார்கள்.
வரிக்கு நூறு மதிப்பெண் தாள் எழுதித் தேறியவள் நான்.
கல்யாண வீட்டில் போனை எடுக்கவைக்க
எந்தத் தாளும் எழுதவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம்.

தங்கச்சிமடம் சூசைராயனுக்குக்
கம்பெனி கொடுத்த முன்பணம்
ஒரு லட்சத்து இருபதாயிரம்.
நெடுந்தீவுப் பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்,
படகையும் ஆளையும்.
அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும்
ஜெனோவா அக்கா வருகிறார்.
இருநூறு ரூபாய். ரசீது வேண்டாம்.
"பாக்கி எவ்வளவுன்னு வாசி" என்பார்.
வாசிப்பேன். போய்விடுவார்.

மார்ச் முப்பத்தொன்றில் ஆடிட்டர்
அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.
வாராக்கடன்.
ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து இருநூறு
ஒரு நிமிடத்தில் பூஜ்யம்.

அடுத்த சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.
நல்ல சேதி என்றுதான் நினைத்துச் சொன்னேன்.
"தள்ளுபடி ஆயிருச்சு அக்கா, இனிமே கட்ட வேணாம்."
கொஞ்சநேரம் கம்ப்யூட்டரையே பார்த்தார்.
"அப்போ அவரு வரமாட்டாருன்னு
எழுதிட்டீங்களா?"

இருநூறை மேசையில் வைத்தார்.

இந்தக் கணக்கு மதுரையில் பரீட்சைக்கு வந்தது.
தள்ளிய கடன் பிறகு வசூலானால்
கடனாளி பெயரில் வரவு வைக்கக் கூடாது;
அது நிறுவனத்துக்கு லாபம்.
ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பேன்.
அக்காவின் இருநூறையும்
அப்படித்தான் பதிந்தேன். விதி அது.
அவர் கட்டக் கட்ட
அவர் கடன் குறையாது,
எங்கள் லாபம் கூடும்.

அதனால்தான் இன்னொரு நோட்டு.
செலவுக் கணக்கியல் போட்டுப் பார்த்த நோட்டின்
கடைசிப் பக்கத்தில் சூசைராயன் பெயர்,
கீழே தேதி, இருநூறு, பாக்கி.
எந்தத் தணிக்கைக்கும் அது போகாது.
முதலாளிக்கும் தெரியாது.

இன்று வந்தார். வாசித்தேன்:
"ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு."
முந்தானையில் மிச்சச் சில்லறையை முடிந்துகொண்டே சொன்னார்:
"தப்பு. போன வாரம் நானூறு குடுத்தேன்.
வலை கட்டப் போன கூலி.
நீ போன்ல பேசிக்கிட்டே வாங்கிப் போட்ட."

ஒரு வாரமாகக் கல்லாவில்
இருநூறு ரூபாய் அதிகம்.
யாருடையது என்று தெரியாமல்
அனாமத்துக் கணக்கில் போட்டுவைத்து,
ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து
நண்டு நண்டாகத் தேடியிருந்தேன்.